பழைய காரில் பாட்டு மட்டும் புதிது: டேஷ்போர்டில் கை வைக்காமல் மியூசிக் சிஸ்டம் பொருத்துவது எப்படி?

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் கார் கொட்டகைகளில் அம்பாசிடரும் மோரிஸ் மைனரும் ஃபியட்டும் இன்னும் இருக்கின்றன. சில வீடுகளில் அவற்றுக்கும் மூத்த அமெரிக்க வண்டிகள். வருஷத்தில் பெரும்பகுதி உறை போட்டு நிற்கும். வீட்டு முன்னோருக்குச் செய்யும் படைப்பு, அறுபதாம் கல்யாணம், பிள்ளையார்பட்டி தரிசனம் என்று வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் எல்லோரும் கூடும்போதுதான் வெளியே வரும். ஏறி உட்கார்ந்ததும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இதுல பாட்டுப் போட முடியாதா?"

முடியும், நன்றாகவே முடியும். ஆனால் இந்த ஆசையால் கெட்டுப்போன வண்டிகளும் நம் பக்கம் நிறைய. டேஷ்போர்டை அறுத்து ஸ்டீரியோ வைத்தது, கதவு அட்டையை வட்டமாக வெட்டி ஸ்பீக்கர் வைத்தது, பழைய ரேடியோவைக் கழற்றி எடைக்குப் போட்டது. அறுத்த டேஷ்போர்டை எந்த டிங்கரிங் கடையிலும் பழையபடி ஆக்கித் தர மாட்டார்கள். ஆகவே இந்த வேலைக்கு நான் வைக்கும் விதிகள் இரண்டு. வண்டியில் புதிதாக ஒரு ஓட்டைகூட விழக் கூடாது. எவ்வளவு பெரிய சிஸ்டம் என்பதை மியூசிக் கடைக்காரர் அல்ல, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் வண்டியின் டைனமோ முடிவு செய்ய வேண்டும்.

முதல் விதிக்குச் சட்டப்படியும் ஒரு காரணம் உண்டு. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டிகளுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு நம்பர் தருகிறார்கள். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்றைக்கு உங்களுக்கு அந்தப் பதிவு வேண்டாமென்றாலும், நாளைக்குப் பிள்ளைகள் கேட்கலாம்.

முதலில் மல்டிமீட்டர், அப்புறம் மியூசிக்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு காலை நேரத்தை வண்டிக்கு ஒதுக்குங்கள். பானெட்டைத் திறந்து பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். நெகட்டிவ் என்றால் நல்லது. பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் பாடியோடு இணைந்திருக்கும். அதற்குப் பின்னால் வருகிறேன். வயரின் நிறத்தையோ யாராவது சொன்னதையோ நம்ப வேண்டாம். எத்தனையோ கை மாறிய வண்டி அது. பேட்டரி முனைகளில் தடிமனானது பாசிட்டிவ், மெல்லியது நெகட்டிவ். மீட்டரை வைத்தும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எஞ்சின் ஓடாதபோது நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6 அளவில் காட்டும். ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். ஹெட்லைட்டைப் போட்ட பிறகும் 13-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் மியூசிக் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, டைனமோவையும், அதன் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட்டையும் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் காட்டுங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்திருப்பதும் பெல்ட் தளர்ந்திருப்பதும்தான் பெரும்பாலும் காரணம்.

அடுத்து எர்த், அதாவது பேட்டரி பாடியோடு சேரும் இணைப்பு. ஹெட்லைட் எரியும்போது மீட்டரின் ஒரு முனையை எர்த் பக்கத்து பேட்டரி முனையிலும், இன்னொன்றைப் பெயிண்ட் இல்லாத பாடி உலோகத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையில் துரு ஏறியிருக்கிறது. கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் லைட்டும் பிரகாசமாகும், செல்ஃபும் சுறுசுறுப்பாகச் சுற்றும்.

கடைசியாக, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்து வயர்களைப் பாருங்கள். துணி சுற்றிய பழைய வயர் தொட்டதும் பொடிந்து உதிர்ந்தால், அந்த வயரிங் செட்டை மாற்றாமல் அதன் பக்கத்தில் புது வயர் எதையும் ஓட்டக் கூடாது. பழைய கார்கள் தீப்பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டைனமோ என்ன தரும்?

அந்தக் காலத்து லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் தருவது 22 ஆம்பியர். அதுவும் வண்டி நல்ல வேகத்தில் ஓடும்போது. நியூட்ரலில் நிற்கும்போது கிட்டத்தட்ட ஒன்றும் தராது. சார்ஜ் விளக்கு மினுக்குவது அதனால்தான்.

இப்போது செலவைப் பாருங்கள். 45 வாட் ஹெட்லைட் இரண்டு, பார்க்கிங், டெயில், நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் சேர்ந்தால் 10 ஆம்பியர் அளவுக்கு வரும். இக்னிஷனுக்கு 3, 4. மழையில் வைப்பர் ஓடினால் இன்னும் 2, 3. மிஞ்சுவதிலிருந்துதான் பேட்டரியும் திரும்ப நிறைய வேண்டும், பாட்டும் ஓட வேண்டும். ஆக, பாட்டுக்குச் சராசரியாக 4 ஆம்பியருக்கு மேல் ஒதுக்க முடியாது.

அது போதுமா என்றால், போதும். டி கிளாஸ் ஆம்ப்ளிஃபையர்கள் வாங்கும் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஒலியாக்கும் வேலைக்கே கொடுக்கின்றன. வெப்பமாகப் போவது குறைவு. ஒரு சானலுக்கு நிஜமான 25 முதல் 50 வாட் தரும் சின்ன நான்கு சானல் ஆம்ப், வழக்கமான சத்தத்தில் 2, 3 ஆம்பியர்தான் எடுக்கும். டப்பாவில் அச்சடித்த '1000 வாட்' என்பதைப் பொருட்படுத்தாதீர்கள். ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள்.

டிக்கியில் பெரிய சப்வூஃபர் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், அதிக மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கு மாற வேண்டிவரும். மாற்றினால் பழைய டைனமோவைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். என்னைக் கேட்டால் பாட்டுக்காக டைனமோவைக் கழற்ற வேண்டாம்.

பாசிட்டிவ் எர்த் வண்டி என்றால்

இன்றைய ஆம்ப், புளூடூத் கருவி எல்லாமே நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தவை. பாசிட்டிவ் எர்த் வண்டியில் அப்படியே மாட்டினால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் கருவியே போகும். இரண்டு வழி உண்டு.

ஒன்று, வண்டியின் எர்த்தையே மாற்றுவது. டைனமோ உள்ள வண்டியில் இது ஒரு மணி நேர வேலை. பேட்டரியைத் திருப்பி நெகட்டிவைப் பாடியில் இணையுங்கள். முனைகளின் தடிமன் வேறு என்பதால் கிளாம்ப்பையும் மாற்ற வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன், டைனமோவில் 'எஃப்' என்று குறித்த சின்ன முனையின் வயரைக் கழற்றுங்கள். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு வயரை எடுத்து அந்த 'எஃப்' முனையில் ஒரு விநாடி தொட்டு எடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் போதும். சின்னதாகப் பொறி வரும். பக்கத்தில் பெட்ரோல் ஈரம் இருக்கக் கூடாது. இதில் டைனமோவுக்குள் தங்கியிருக்கும் காந்தத்தின் திசை மாறிவிடுகிறது. பிறகு இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன வயர்களை இடம் மாற்றுங்கள். ஆம்பியர் மீட்டர் இருந்தால் அதிலும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் முள் தலைகீழாக ஓடும். எலக்ட்ரிக் கடிகாரம், எலக்ட்ரானிக் பெட்ரோல் பம்ப் இருந்தால் அவற்றை முதலிலேயே கழற்றி எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டுத்தான் திரும்ப இணைக்க வேண்டும். வேலை முடிந்ததும் 'நெகட்டிவ் எர்த்' என்று எழுதி பேட்டரி பக்கத்தில் ஒட்டுங்கள். அடுத்து பேட்டரி மாற்றுகிறவர் பழைய புத்தகத்தைப் பார்த்துத் திருப்பி மாட்டிவிடக் கூடாது.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது: வண்டியின் மின்சாரத்தைத் தொடவே வேண்டாம். டிக்கியில் ஒரு மரப்பெட்டிக்குள் 12 வோல்ட் 18 ஆம்பியர்-அவர் சீல்டு பேட்டரியும் ஆம்பும் வைத்துவிடுங்கள். 3 ஆம்பியர் எடுத்தால் நான்கைந்து மணி நேரம் பாடும். காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி, குன்றக்குடி போய்வந்து, மாப்பிள்ளை அழைப்புக்கும் மிச்சம் இருக்கும். இரவில் பெட்டியை எடுத்து வீட்டு பிளக்கில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். 6 வோல்ட் வண்டிகளுக்கும் இதுதான் சரி. அங்கே 12-ஆக ஏற்றித் தரும் கன்வெர்ட்டர் வைத்தால் வண்டியிலிருந்து எடுக்கும் ஆம்பியர் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். ஒரே எச்சரிக்கை: பாசிட்டிவ் எர்த் வண்டியில் போனை வண்டியின் மின்சாரத்தில் சார்ஜ் போட்டுக்கொண்டே ஆக்ஸ் வயரில் பாட்டு ஓட்டாதீர்கள். பிரித்து வைத்த இரண்டு மின்சாரமும் அந்த வயர் வழியாக ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். புளூடூத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

எதை வாங்குவது

முகப்பே இல்லாத சிஸ்டம்தான் நமக்கு வேண்டியது. புளூடூத் உள்ளேயே இருக்கும் சின்ன ஆம்ப் கிடைக்கிறது. படகுகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் செய்கிற வகை ஈரத்தையும் அதிர்வையும் தாங்கும். கூடவே வயரில் ஒரு தனி வால்யூம் குமிழ் வந்தால் அதை ஆஷ்ட்ரேக்குள் வைக்கலாம். மூடினால் வெளியே ஒன்றும் தெரியாது. புளூடூத் ஆன்டெனாவை நாலு பக்கமும் இரும்பு சூழ்ந்த இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். பாட்டு விட்டுவிட்டு வரும்.

டேஷ்போர்டில் பழைய ரேடியோ இருந்தால் அதைத் தொட வேண்டாம். ஒரு காலத்தில் இலங்கை வானொலியைக் கேட்ட ரேடியோவாக இருக்கும். ரேடியோ இருந்த இடம் வெறும் பள்ளமாக இருந்தால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஓடாத ரேடியோ ஏதாவது கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதன் முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே புளூடூத் பலகையை வைக்கலாம். பழைய குமிழே வால்யூமாக வேலை செய்யும். டயல் விளக்கும் எரியும். வால்வ் ரேடியோவாக இருந்தால் நீங்களே திறக்காதீர்கள். உள்ளே 200 வோல்ட் அளவுக்கு மின்சாரம் உண்டாக்கும் அமைப்பு இருக்கும். கண்டென்சரில் அது தங்கியும் இருக்கும்.

எஃப்எம் வேண்டுமென்றால் பழைய ஏரியலே போதும். 75 சென்டிமீட்டர் அளவுக்கு நீட்டினால் எஃப்எம் அலைக்குச் சரியாக இருக்கும்.

ஸ்பீக்கருக்கு இடம் தேடுவது

ஏவி.எம். ஸ்டூடியோ சென்னைக்குப் போகும் முன் காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில்தான் இயங்கியது. கண்ணதாசன் சிறுகூடல்பட்டிக்காரர். இந்தப் பக்கத்துப் பழைய காரில் ஏறுகிறவர்கள் கேட்க விரும்புவதும் பெரும்பாலும் அந்தக் காலத்துப் பாட்டைத்தான். அந்தப் பாட்டுகள் எல்லாம் மோனோவில் பதிவானவை. இடது, வலது என்று பிரித்துக் கேட்க அவற்றில் ஒன்றுமில்லை. நாலு மூலையில் எட்டு ஸ்பீக்கர் வைப்பதைவிட, முன்னால் நடுவில் ஒரு நல்ல ஸ்பீக்கர் வைத்தால் குரல் ஓரிடத்திலிருந்து தெளிவாக வரும். பழைய பாட்டு அப்படித்தான் நன்றாக இருக்கும்.

அதனால் பழைய ரேடியோவுக்கு டேஷ்போர்டில் ஸ்பீக்கர் வலை ஏற்கெனவே இருந்தால் உங்களுக்கு யோகம். அந்த அளவிலேயே டபுள் வாய்ஸ் காயில் (ஒரே கோனில் இரண்டு சுருள்) ஸ்பீக்கர் கிடைக்கும். இடது, வலது இரண்டு சானலையும் அந்த ஒரே ஸ்பீக்கரில் தனித்தனியாக இணைக்கலாம். பழைய ஸ்பீக்கரைக் கழற்றிச் சாக்கில் சுற்றிப் பரணில் போடுங்கள்.

புதுப் பாட்டும் வேண்டுமென்றால், முன்னால் காலடி ஓரங்களில் இரண்டு சின்னப் பெட்டி வைக்கலாம். 4 அங்குல ஸ்பீக்கருக்கு மூன்று, நான்கு லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய பிளைவுட் பெட்டி போதும். கிளட்ச் மிதிக்கும்போது காலில் தட்டாத இடமாகப் பார்த்து, ஏற்கெனவே உள்ள ஸ்க்ரூ ஓட்டைகளில் பட்டை வைத்து மாட்டுங்கள். தரைவிரிப்பு நிறத்திலேயே துணி ஒட்டினால் கண்ணில் படாது.

பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள டிரேதான் பெரிய ஸ்பீக்கருக்கு இடம். அசல் பலகையை வெட்டாதீர்கள். அதைக் கழற்றி, செய்தித்தாளில் வைத்து ஓரம் வரைந்து, அதே வடிவில் 12 மில்லிமீட்டர் மரைன் பிளையில் ஒன்று செய்யச் சொல்லுங்கள். தேக்கு நிலைக்கதவில் இழைத்துப் பழகிய ஆசாரிகள் இருக்கிற ஊர் நம்முடையது. இதைக் கார் கடையில் கொடுக்காமல் அவர்களிடம் கொடுங்கள். ஓரம் இடுக்கில்லாமல் உட்கார்ந்தால்தான் அடிச்சத்தம் (பேஸ்) சிதறாமல் வரும், பலகையும் கடகடக்காது. ஸ்பீக்கர் ஓட்டைகளின் மேல் முழுப் பலகைக்கும் காற்றுப் புகும் மெல்லிய துணி போர்த்தினால் ஸ்பீக்கர் இருப்பதே தெரியாது. டிக்கிப் பக்கம் தொங்கும் காந்தத்துக்கு ஒரு கம்பிவலை கட்டிவிடுங்கள். பெட்டி ஏற்றும்போது இடிக்கும்.

ஸ்பீக்கர் வாங்கும்போது சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) 90 டெசிபெலுக்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். 3 டெசிபெல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கர், அதே சத்தத்துக்குப் பாதி மின்சாரம்தான் கேட்கும். டைனமோ வண்டிக்கு அது பெரிய லாபம். காகிதக் கோனைவிட பாலிபுரோப்பிலீன் கோன் நம் ஊர் வெயிலுக்கும் கொட்டகை ஈரத்துக்கும் நிலைக்கும்.

ஆம்பை முன்சீட்டின் அடியில் வைப்பதுதான் வழக்கம். தரையில் நேரடியாக வைக்க வேண்டாம். மழையில் பழைய கார்களின் தரையில் தண்ணீர் வரும். இரண்டு விரல் உயரமுள்ள மரக்கட்டையின் மேல் வையுங்கள். சுற்றிலும் காற்றுக்கு இடம் விடுங்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தொடும். பாடியின் அதிர்வைக் குறைக்க இரைச்சல் தடுப்பு ஒட்டுவதாக இருந்தால், தார்ச் சீட் வகை அந்தச் சூட்டில் உருகி வழியும் என்பதால், பியூட்டைல் (ஒருவகை ரப்பர்) சீட் வாங்குங்கள். பவர் பேங்க்கைக் காருக்குள் விட்டுவிட்டுப் போகவே கூடாது.

வயர் ஓட்டும் முறை

பேட்டரியிலிருந்து ஆம்புக்கு நேராகத் தனி வயர். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் டிக்கி வரை போனாலும் தாங்கும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஃபியூஸ் ஆம்பைக் காப்பதற்கு அல்ல. வழியில் எங்காவது வயர் தேய்ந்து பாடியைத் தொட்டால் வண்டி எரியாமல் காப்பதற்கு. அதனால்தான் அது பேட்டரி பக்கம் இருக்க வேண்டும். பழைய இரண்டு-ஃபியூஸ் பெட்டியிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள்.

எஞ்சின் பக்கமிருந்து உள்ளே வர, ஸ்பீடாமீட்டர் கேபிளோ ஹார்னஸோ (வயர்க் கட்டு) வரும் ஓட்டையின் ரப்பர் கிராமெட்டைப் பயன்படுத்துங்கள். பவர் வயர் ஒரு ஓரமாகவும், சிக்னல் வயர் எதிர் ஓரமாகவும் போகட்டும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் இரைச்சல் உறுதி.

ஆம்பின் எர்த்துக்கு சீட் போல்ட் நல்ல இடம். போல்ட்டைக் கழற்றி, லக் (வயர் நுனியில் மாட்டும் வளையம்) உட்காரும் அளவுக்கு மட்டும் பெயிண்ட்டைச் சுரண்டுங்கள். வெள்ளையாக இரும்பு தெரிய வேண்டும். லக்கை வைத்து, பல் உள்ள வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலினோ கிரீஸோ தடவுங்கள். செம்பும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு வரும். அந்த அரிப்பை ஆராய்வதற்கென்றே நம் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) தனிப் பிரிவு இருக்கிறது. எல்லாக் கருவிக்கும் எர்த் அந்த ஒரே இடத்தில் இருக்கட்டும்.

சாவியை எங்கே இணைப்பது?

புதுக் கார் பார்த்த மெக்கானிக்குகள் இங்கேதான் தவறுகிறார்கள். இக்னிஷன் சாவியைப் போட்டால் பாட்டு வரும்படி இணைத்துவிடுவார்கள். பல பழைய வண்டிகளில் சாவிக்கு இன்றைய கார்களைப் போல 'அக்சஸரி' நிலை கிடையாது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டுக்காகச் சாவியைப் போட்டு வைத்தால், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருக்கும் பட்சத்தில் காயில் வழியே மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். காயில் சூடேறி எரிந்துவிடும். கல்யாண வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் பாட்டோடு நிற்கிற வண்டிக்கு இது நேரலாம்.

ஆகவே பாட்டுக்குத் தனி சுவிட்ச். டேஷ்போர்டின் அடி விளிம்பில், ஏற்கெனவே உள்ள ஸ்க்ரூவில் ஒரு சின்னப் பட்டை வைத்து அதில் மாட்டுங்கள். அந்த சுவிட்ச் ஆம்பை ஆன், ஆஃப் செய்யும் ரிமோட் வயரை மட்டும் இயக்கினால் போதும். அணைக்க மறந்தால் பேட்டரி இறங்காமலிருக்க, 12 வோல்ட்டுக்குக் கீழே தானாகத் துண்டிக்கும் லோ வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்றைப் பவர் வயரில் சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் கிளம்பும் நேரத்தில் செல்ஃப் அடிக்கும்.

இரைச்சலைப் பிடிப்பது

எல்லாம் மாட்டிய பிறகு, எஞ்சின் ஓடாமல் பாட்டை நிறுத்தி வால்யூமை மட்டும் வைத்துக் கேளுங்கள். அமைதியாக இருக்க வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'டிக்-டிக்' என்று வேகமெடுத்தால் அது இக்னிஷன். 'ஙீ...' என்று மெல்லிய குரல் உயர்ந்தால் டைனமோ.

இக்னிஷன் சத்தத்துக்கு, ஸ்பார்க் பிளக் வயர்களை ரெசிஸ்டன்ஸ் உள்ளதாக மாற்றுங்கள். அல்லது பிளக் மூடியில் 5 கிலோ ஓம் சப்ரெஸர் போடுங்கள். பாதிச் சத்தம் அதிலேயே போகும். மீதிக்கு, காயிலில் சாவியிலிருந்து மின்சாரம் வரும் முனைக்கும் பாடிக்கும் இடையில் 1 மைக்ரோஃபேரட் கண்டென்சர். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் போட்டுவிடாதீர்கள். ஸ்பார்க் பலவீனமாகி வண்டி இழுக்காது. டைனமோவுக்கும் அதே அளவு கண்டென்சர், பெரிய 'டி' முனையில். 'எஃப்' முனையில் ஒருபோதும் வேண்டாம்.

இதற்குப் பிறகும் சத்தம் இருந்தால் ஆம்பிலிருந்து சிக்னல் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றம் சிக்னல் வழியில். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (எர்த் வழியாக வரும் இரைச்சலைத் தடுக்கும் சின்னக் கருவி) ஒன்றை இடையில் போட்டால் தீரும். நிற்காவிட்டால் பவர் அல்லது எர்த். சீட் போல்ட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடி சுரண்டுங்கள். டீசல் அம்பாசிடர்காரர்களுக்கு இக்னிஷன் சத்தமே கிடையாது.

உறை போடும் முன்

சுவிட்ச் அணைத்த நிலையில் சிஸ்டம் எவ்வளவு இழுக்கிறது என்று மீட்டரைத் தொடராக வைத்து அளந்துவிடுங்கள். 20 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-அவர் போகும். மூன்று மாதம் நின்றால் 40-க்கு மேல். சாதாரண 60 ஆம்பியர்-அவர் பேட்டரி அதற்குள் படுத்துவிடும். பேட்டரி முனையில் திருகுவகைக் கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்று போட்டு, ஒவ்வொரு தடவையும் கொட்டகையில் விட்டதும் திருகிவிட்டு வாருங்கள்.

எலிக்குப் புது வயரின் உறை மிகவும் பிடிக்கும். எல்லா வயரையும் நெளிநெளியான பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, சீட்டுக்கடியில் போகும் இடங்களில் மட்டுமாவது மெல்லிய இரும்புச் சுருள் குழாய் போடுங்கள். எந்த வயர் எங்கே போகிறது, ஃபியூஸ் எது, கழற்றிய அசல் பொருள்கள் வீட்டில் எந்தப் பரணில் இருக்கின்றன என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆர்சி புத்தக நகலோடு வைத்துவிடுங்கள். அடுத்த தடவை பானெட்டைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.